சிவனுக்கு உரியது விலைப்படுமோ?

கோயிலுக்கு அளிக்கப்பெற்ற பொருள் கோயிலுக்கே உரியது; அதனை விற்றலும் கவர்தலும் பெரும்பாதகம் என்பது தமிழ்நாட்டார் அனைவர்க்கும் ஒப்பமுடிந்த கொள்கையாம். செங்கற்பட்டு நாட்டுக் கடற்கரையில், மாமல்லபுரத்திற்கு வடக்கே உள்ள நெம்மேலி என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஆளவந்தார் நாயக்கர் என்னும் வைணவப் பெரியார், 1914-ஆம் ஆண்டில் தமக்குரிய ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பெருமாள் கோயில்களின் திருப்பணிகளுக்கென எழுதிவைத்தார். நூறாண்டு கடந்தும் அந்நிலம் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளைக்கு உரியதாகவே கொள்ளப்படுகின்றது. அதிற் கைவைப்பவன் யாவனாயினும், சைவர் வைணவர் என்னும் வேறுபாடின்றி உலகத்தார் அவனைப் பழிப்பர். சிவன் சொத்துக் குலநாசம் என்னும் பழமொழி சிற்றூர்ச் சிறுவரும் அறிந்ததொன்று. சிவாலயத்தை வலம்வந்து முடிப்பவர் சண்டேசுரர் திருமுன் மெல்லக் கைதட்டிச் செல்வதும், இறைவனுக்குரிய பொருளில் ஒரு நூலிழையும் தம்முடன் கொண்டுபோகவில்லை என்று காட்டுதற்கே என்பர்.

மண்ணுக்கும் பொன்னுக்கும் பூவுக்கும் இத்துணைக் காவல் வகுத்த இந்நாட்டிலேயே, உயிருள்ள ஒரு சிறுமியை இறைவனுக்கு அளித்ததாகப் பொட்டுக்கட்டிச் சடங்கு நிகழ்த்தி, பின்னர் அவளைப் பொருளுடைய ஆடவர் விலைகொடுத்துப் பெறுதற்கு வழிவிட்ட வழக்கமும் ஒருகாலத்து நிலவிற்று. அதனைக் கண்ட அயல்நாட்டார் சிலர், பொருட்பெண்டிர் தொழில் இந்துக்களின் சமயத்தாற் புனிதமாக்கப்பட்டது என்று எழுதிவைத்தனர். உள்நாட்டாருள்ளும் சிலர், தொன்றுதொட்டு வந்தமையின் அதுவும் ஒரு தெய்வப்பணியே என்றனர். முன்னவர் இகழ்ந்தும் பின்னவர் புகழ்ந்தும் கூறினரேனும், விலைமகண்மையும் தெய்வத்தொண்டும் ஒன்றாகக் கூடும் என்பதில் இருசாராரும் ஒத்தனர். அங்ஙனம் கூடுமோ கூடாதோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் பிறநாட்டுச் செய்தி சிறிது நோக்கற்பாலது. பாபிலோன் நகரத்துப் பெண்டிர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை கோயிலில் அமர்ந்து அயலான் ஒருவனை ஏற்றல் வேண்டும் என்னும் வழக்கம் இருந்ததாகக் கிரேக்க ஆசிரியர் எரோடோட்டசு, கிறித்துவுக்கு முன் 5-ஆம் நூற்றாண்டில் எழுதினார். கொரிந்து நகரக் கோயிலில் ஆயிரம் கணிகையர் இருந்தனர் என்று பிற்காலத்தவராகிய ஸ்டிராபோ எழுதினார். இவ்விரண்டும் நெடுங்காலம் ஐயமின்றி நம்பப்பட்டன. ஆயின், 2008-ஆம் ஆண்டில் ஸ்டெபனி பூடின் என்னும் அறிஞர் வெளியிட்ட நூலில், பண்டை மேற்றிசை நாடுகளில் புனிதப் பரத்தைமை என ஒன்று இருந்ததேயில்லை என்றும், அஃது அயலார் வழக்கத்தைத் தாழ்த்தியுரைப்பார் வழிவந்த கட்டுரையே என்றும் மறுத்துள்ளார். யூதர் வேதமோ, பரத்தையின் கூலிப்பொருளை நேர்த்திக்கடனாகக் கோயிலுக்குள் கொண்டுவருதலையே விலக்கிற்று. ஆகவே, உலகிலுள்ள பழஞ்சமயங்கள் யாவும் இத்தொழிலைப் போற்றின என்னும் உரை ஆதாரவலி உடையதன்று.

இனித் தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்கள் கூறுவதைக் காண்க. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தினான். அவன் ஆட்சியின் 29-ஆம் ஆண்டை, அஃதாவது கி.பி. 1014-ஐ ஒட்டிய கல்வெட்டு, அவர்தம் பெயர்களையும், திருவாரூர் முதலிய எத்தலத்தினின்று வந்தோர் என்பதையும், தளிச்சேரித் தெருவின் எச்சிறகில் எத்தனையாம் வீடு அவர்க்குரியது என்பதையும் நிரல்படக் கூறுகின்றது. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. அப்பங்கிற்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறந்துபடினும் வேற்றூர் செல்லினும், அவருக்கு அடுத்த முறையினருள் தகுதியுடையார் அப்பணியைச் செய்து பங்கைப் பெறல்வேண்டும் எனவும் விதிக்கப்பட்டுள்ளது. அரசனால் ஊதியமும் மனையும் பெற்ற இப்பெண்டிர்க்குக் கூறப்பட்ட கடமையுள் ஆடவர்க்குத் தம்மை விற்றல் என்பதன் நிழலும் இல்லை.

இப்பெண்டிர் பெயர்களின் முன் நக்கன் என்னும் சொல் வருகின்றது. நக்கன் என்பது சிவபெருமான் திருப்பெயருள் ஒன்று. தந்தையின் பெயர் நிற்கவேண்டிய இடத்தே இறைவன் பெயர் நின்றமையால், அவர் அவன் மக்களாக மதிக்கப்பெற்றனர் என்று கொள்ளுதல் பொருந்தும். திருவொற்றியூரில் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, சதுரன் சதுரி என்னும் தேவரடியாரை ஒருவருடைய மனைவியெனவே குறிக்கின்றது. அத்தலத்திலேயே 14-ஆம் நூற்றாண்டில் பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் என்னும் மூவகையினர்க்குள் பணிமுறை பற்றி வழக்குண்டாக, அவரவர் கடமை இன்னவென வரையறுத்துத் தீர்க்கப்பட்டது. அவ்வழக்கும் ஆடலும் பாடலும் ஏனைத் திருக்கோயிற் பணிகளும் பற்றியதேயாம். சோழர்காலக் கல்வெட்டுக்களைத் தொகுத்தாராய்ந்த லெஸ்லி ஓர் என்னும் அறிஞரும், அக்காலத்துக் கோயிற்பெண்டிர் பெரிதும் கொடையாளராகவே கல்லிற் காணப்படுகின்றனர், விலைமாதராக அல்லர் என்று 2000-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிற் காட்டியுள்ளார்.

இதனால் அக்காலம் குற்றமற்றது என்று கொள்ளற்க. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தே, 1201-ஆம் ஆண்டில், பஞ்சத்தால் நைந்த வேளாளர் ஒருவர் தம்மையும் தம் மகளிர் இருவரையும் திருப்பாம்புரக் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார் எனக் கல்வெட்டுக் கூறும். அன்பினால் ஆளான அடிமையும் பசியினால் விலைப்பட்ட அடிமையும் அடிமை என்னும் ஒரே பெயரின்கீழ் வந்து நின்றமை இதனால் விளங்கும். பின்வந்த கேட்டிற்கு விதை இங்கேயே விழுந்தது.

இனிச் சைவ வரலாறுகள் யாது கூறுகின்றன எனின், பரவையார் சரிதத்தை முதலில் நோக்குக. செங்கற்பட்டு நாட்டைச் சார்ந்த குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான், அவ்வம்மையார் திருவாரூரில் உருத்திரகணிகையர் குலத்தே பிறந்தவர் என்று மறையாது கூறினார். பரத்தமைக்குச் சைவம் இடந்தந்தது என்பார் இவ்வொன்றையே எடுத்துக்காட்டுவர். அவர் அச்சரிதத்தை முற்றும் நோக்கிலர். நம்பியாரூரர் பரவையாரை விலையாற் பெற்றிலர். இறைவன் அருளாணையால், அடியார் அறிய மணந்து கொண்டார். அம்மையாரும் மனையறத்து நின்று, அடியார்க்கு அமுதளித்து வாழ்ந்தார். பின்பு, ஆரூரர் திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணந்து திரும்பியபோது, பரவையார் தம் மனைக்கதவை அடைத்தார். அப்போது நிகழ்ந்தது யாது? மாலயன் தேடியும் காணாத பெருமான், திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் இருமுறை நடந்து அவர் வாயிலிற் சென்று இரந்தான். முதன்முறை அவர் மறுத்தார். மறுத்தலுக்கு அவர் தண்டிக்கப்பட்டிலர். கணிகையர் குலத்திற் பிறந்த பெண்ணாயினும் அவள் உடன்பாடின்றி அவள் மனைக்குள் இறைவனின் தோழரும் புகலாகாது என்பதன்றோ இதனாற் பெறப்படுவது? இச்சரிதத்தைத் தம் செயலுக்குச் சான்றாக்கிக் கொண்ட செல்வர், ஒரு சிறுமியின் உடன்பாட்டை என்றேனும் வினவினர்கொல்?

திருப்பூவணத்துப் பொன்னனையாள் வரலாறும் இத்தகையதே. ஆடல்மகளாகிய அவ்வம்மையார் அடியார்க்கு அமுதூட்டி வறுமையுற்று, இறைவன் திருவுருவைப் பொன்னால் வார்க்க வேட்கைகொண்டு நிற்க, பெருமான் சித்தராய் எழுந்தருளி அவர் கலங்களைப் பொன்னாக்கினார் எனத் திருவிளையாடற் புராணம் கூறும். ஈண்டு இறைவன் உவந்தது அவர் அன்பையும் அடியார்க்கூட்டிய அன்னத்தையுமே. ஒருவர் பிறந்த குடியும் அவர் மேற்கொண்ட தொண்டும் வேறுவேறு. முன்னையது பின்னையதைத் தடுத்திலது என்பதே கருத்து. புத்தர்க்கு மாஞ்சோலை அளித்த அம்பபாலியும் இவ்வாறே போற்றப்பட்டாள். பெண் போற்றப்பட்டமை கொண்டு அவள்மேற் சுமத்தப்பட்ட தொழிலும் போற்றப்பட்டது என்பது, நோயாளியை அன்பால் தழுவினமையின் நோயையும் விரும்பினர் என்பதுபோலாம்.

மாதவி மகள் மணிமேகலை தன் குலத்தொழிலை மறுத்தாள். பாட்டியாகிய சித்திராபதி வற்புறுத்தியும் அவள் இசைந்திலள். அந்நூல் புறச்சமயத்ததாயினும், குலவழக்கம் என்பது ஒரு பெண்ணின் உள்ளத்தைக் கட்டுப்படுத்தாது என்னும் நீதி தமிழகத்திற் பழமையானது என்பதற்கு அது கரியாம். திருநீலகண்ட நாயனார் பரத்தைபாற் சென்றமைக்காக, அவர் மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டற்க என்றார். அவ்வாணையிற் பன்மைச்சொல் வந்தமையால் நாயனார் பெண்டிர் எவரையும் மனத்தாலும் தீண்டாராயினார். நாயன்மார் வரலாற்றிற் பரத்தமை வருமிடம் இது. அங்கு அஃது ஒறுக்கப்படும் பிழையாகவே வருகின்றது.

இனிச் சித்தாந்தத்தின் துணிபை நோக்குவாம். உயிர்கள் அனைத்தும் பதிக்கே அடிமை. அவ்வடிமை பிறரால் ஆக்கப்பட்டதன்று, அநாதியே உள்ளது. அதனை உணர்ந்து ஒழுகும் முதற்படியே தாதமார்க்கம் எனப்படும் சரியை. திருக்கோயிலை அலகிடல், மெழுகல், மாலை தொடுத்தல், விளக்கிடல், இறைவன் புகழ் பாடல் ஆகிய இவை அதன் செயல்கள். தேவரடியார் பணிகளுட் பெரும்பாலன இவையே. ஆதலின் அவர் தொண்டு சரியைநெறியின்பாற்பட்ட சிறந்த தொண்டாம். இறைவனுக்கு ஆளாயினார் பிறர் எவர்க்கும் ஆளாகார் என்பதற்குத் திருநாவுக்கரசு நாயனார் பல்லவ மன்னன் ஆணையை மறுத்த வரலாறே சான்று. அங்ஙனமாக, சிவனுக்கு ஆட்பட்டாள் என்று கூறப்பட்ட ஒருத்தி, ஊர்ச்செல்வன் ஒருவனுக்கு ஆட்பட்டாள் என்றல் எங்ஙனம் பொருந்தும்?

இதனை இருவகையிற் பகுத்து நோக்கின் உண்மை தெளிவாம். பொட்டுக்கட்டிய சடங்கு மெய்யாயின், அப்பெண் சிவனுக்கு உரியவள். அவளைப் பொருள்கொடுத்துக் கொண்டவன் சிவனுக்குரியதைக் கவர்ந்தவன். பொருள்பெற்றுக் கொடுத்தவன் அதனை விற்றவன். அச்சடங்கு பொய்யாயின், அவள் தொழிலுக்குத் தெய்வத்தன்மை ஒரு சிறிதும் வந்திலது. மெய்யாயின் திருட்டு, பொய்யாயின் வெறும் வாணிகம். இவ்விரண்டின் நடுவே புனிதப் பரத்தைமை நிற்றற்கு இடமில்லை. சண்டேசுரர் முன் கைதட்டிக் காட்டிய அதே கையால், அக்கோயிலின் தேவரடியாரைத் தீண்டியவர், நூலிழைக்கு அஞ்சி உயிருக்கு அஞ்சாராயினார்.

நெம்மேலிக்கு அணித்தாகிய திருவிடந்தையில், பெருமாள் காலவ முனிவரின் மகளிர் முந்நூற்றறுபதின்மரை நாளொன்றுக்கு ஒருவராக மணந்து, இறுதியில் அனைவரையும் ஒருவராக்கித் தம் இடப்பாகத்தே வைத்தார் என்பது தலவரலாறு. தெய்வத்தை மணத்தல் என்றால் தெய்வத்தோடு ஒன்றாதல் என்பதே அதன் பொருள். தெய்வத்திற்கு மணஞ்செய்து மாந்தர்க்கு வாடகைவிடுதல் எந்தத் தலவரலாற்றிலும் இல்லை.

அற்றேல், இயற்பகை நாயனார் தம் மனைவியாரையே அடியார் ஒருவர்க்கு ஈந்தாரன்றோ எனின், அங்கு விலை இல்லை, மனைவியார் தம் நாயகரின் சொல்லை ஆராய்ந்து உடன்பட்டார், வந்தவனோ சிவபெருமானே, அவனும் அம்மையாரைத் தீண்டாது சாய்க்காட்டருகே மறைந்து, நாயனார் அன்பை வெளிப்படுத்தினான். அடியாரின் உறுதியை உலகிற்குக் காட்டிய ஒரு நிகழ்ச்சி பிறர் செயற்கு விதியாகாது.

வாமம் முதலிய நெறிகளிற் பெண்கூட்டம் வழிபாட்டின் உறுப்பாகக் கொள்ளப்பட்டதன்றோ எனின், சித்தாந்தம் வாமத்தை அகப்புறச் சமயம் ஆறனுள் ஒன்றாக வைத்து விலக்கிற்று. அவ்வாறு விலக்கிய கொள்கையைச் சைவத்தின்மேல் ஏற்றுதல் முறையன்று.

அக்குலத்திற் பிறந்தமை அவர் முன்வினைப்பயன். அதனை நுகர்ந்தே கழித்தல் வேண்டும் என்பாரும் உளர். பிராரத்தம் உயிர்க்கு ஊட்டப்படுவது உண்மையே. அதனை ஊட்டுவோன் இறைவன். வினைக்கு ஈடாக ஊட்டும் அதிகாரம் பிறிதோர் உயிர்க்கு வழங்கப்பட்டிலது. ஒருவன் வீட்டில் தீயிட்டுவிட்டு அஃது அவன் வினை என்று கூறுபவனுக்கு ஆகாமியம் ஏறுமேயன்றி நீங்காது. பிறர் வினையைச் சுட்டித் தம் விருப்பத்தை நிறைவேற்றிக் கொள்ளுதல், கன்மக் கொள்கையைக் களவுக்குத் திரையாக்குவதாம்.

இனி அவ்வழக்கம் வேரூன்றிய வகையும் நீங்கிய வகையும் சுருங்க உரைக்கற்பாலன. கோயில் மானியநிலம் பணிக்குப் பிணைக்கப்பட்டிருந்தது. குடும்பத்தில் ஒரு பெண்ணேனும் பொட்டுக்கட்டிப் பணிக்கு நின்றாலன்றி நிலம் கைவிட்டுப்போகும். ஆதலின் பெண்மகவு பிறந்தபோதே அவள் வாழ்வு வரையறுக்கப்பட்டது. அரசரும் செல்வரும் காத்த காலம் நீங்கி, மானியம் குறுகியபின், பணி பெயரளவாய்த் தேய்ந்து, புரப்போனைத் தேடுதலே பிழைப்பாய் மிகுந்தது. அறியாப் பருவத்துச் சிறுமிக்கு உடன்பாடு என்பது ஏது? தானே உவந்து ஆட்படாதாரைப் பிறர் ஆட்படுத்துதல் தாதமார்க்கம் ஆகாது.

இதனை ஒழித்தற்கு முன்னின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886-இல் புதுக்கோட்டையிற் பிறந்த இவர்தம் தாயார் இசைமரபினராகிய அக்குலத்தவரே. சென்னைச் சட்டசபையில் உறுப்பினராய் அமர்ந்து, 1927-ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டுதலை நிறுத்தவேண்டுமென்று தீர்மானம் கொணர்ந்தார். 1929-ஆம் ஆண்டில் நிறைவேறிய திருத்தச்சட்டம், மானியநிலத்தைப் பணிக்கட்டினின்று விடுவித்து, அதனை நுகர்ந்துவந்த பெண்டிர்க்கே உரியதாக்கியது. கேட்டின் வேர் நிலத்திற் கிடந்தமையின், அவ்வேரில் வைத்த வெட்டு இது. 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் தம் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுதலை முற்றும் தடுக்கும் மசோதா அப்பொழுது நிறைவேறிற்றிலது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாம் பிறந்த மரபின் துன்பத்தை 1936-இல் ஒரு நாவலாக வெளியிட்டார். அவர் சார்ந்த இயக்கம் சமயத்தோடு மாறுபட்டதேயாயினும், அவர் காட்டிய புண் மெய்யான புண்ணே. முடிவில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதலை விலக்கிற்று.

அம்முயற்சியை எதிர்த்தவரும் இருந்தனர். கலை அழியும் என்று சத்தியமூர்த்தி முதலியோர் அஞ்சினர். திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம் அம்மையார் உள்ளிட்ட கோயிற்பெண்டிர் பலர், தம்மை விலைமாதரோடு ஒன்றாக எண்ணற்க என முறையிட்டனர். இம்முறையீட்டைத் தள்ளிவிடல் நடுநிலையன்று. தம் தொண்டு வேறு, தம்மேற் சுமத்தப்பட்ட பழி வேறு என்று அவர் கூறியது முழுதும் உண்மை. ஆயின் அவ்வுண்மையே பொட்டுக்கட்டுதலுக்கு எதிர்ச்சான்றுமாம். தொண்டும் விலையும் வேறாயின், விலைக்கு வாயிலாய் நின்ற சடங்கை நீக்குவதால் தொண்டுக்குக் குறை வருமோ? ஆடற்கலை அழிந்திலது. ஆனால் அதனை ஆயிரம் ஆண்டு காத்தளித்த குடும்பங்களின் கையினின்று அது பெரிதும் நழுவிற்று. புகழும் பொருளும் பிறர்பாற் சென்றன. பழியை மட்டும் அவர்க்கு விட்டுக் கலையை மட்டும் எடுத்துக்கொண்டது சமுதாயம். இதுவும் ஒருவகைக் கவர்தலேயாம்.

பழி யாரைச் சாரும் என்பதையும் தெளிதல் வேண்டும். திருப்போரூரிலும் திருக்கழுக்குன்றத்திலும் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் முதலாக அருளாளர் பலர் விலைமாதரைக் கடிந்து பாடினர். அப்பாடல்கள் பாடுவோர் தம் நெஞ்சை நோக்கிப் பாடியவை; என் மனம் அங்ஙனம் திரிந்ததே என்று இரங்கியவை. அவற்றைப் பெண்ணைத் தூற்றுதற்குக் கருவியாக்கியவர், பாடியோரின் இரக்கத்தை விட்டுத் தம் வெறுப்பை எடுத்துக்கொண்டார். விற்பதற்கு வேறொன்றும் இல்லாதவளினும், வாங்குதற்குப் பொருளும் விடுதற்கு உரிமையும் உடையவனே பெரிதும் கடியத்தக்கவன்.

இதற்கு ஒரு சொல்லே சான்றாய் நிற்கின்றது. தேவரடியார் என்பது இறைவனுக்கு ஆளானார் எனப் பொருள்படும் உயர்ந்த பெயர். அடியார்க்கும் அடியேன் என்று தம்மைக் கூறிக்கொள்ளுதலே சைவர்க்குப் பெரும்பேறு. அப்பெயரின் திரிபே தமிழகத்துத் தெருக்களில் இன்று இழிந்த வசைமொழியாய் வழங்குகின்றது. சிவத்தொண்டைக் குறித்த சொல்லைப் பெண்டிர்மேல் எறியும் கல்லாக்கியவர் யாவர்? இறைவன் பெயரால் அளிக்கப்பட்டவளை விலைக்குக் கொண்டவரும், அதனைக் கண்டும் வாளாவிருந்தவருமே. சைவராவார் அவ்வசையைத் தம் நாவினும் தம் மனையினும் நுழையவிடாது நீக்கல் கடன். அம்மரபில் வந்தாரை, நாவுக்கரசரைப் போலவே சிவனுக்கு ஆட்பட்ட முன்னோரின் வழியினராக மதித்தலும் கடன். விலைப்பட்டது ஒருபோதும் புனிதமாகாது. ஆயின் விலைப்படுத்தப்பட்டவர் அதனால் சிவனுக்கு உரியவராதல் ஒழிந்திலர்.

திருச்சிற்றம்பலம்.